மே விடுமுறை, இரண்டு குழந்தைகள், மாமியார்: தென்னாப்பிரிக்காவில் சஃபாரிக்கு எங்கே போகலாம்?

கோவைமகள்

எல்லோருக்கும் வணக்கம். வரும் மே விடுமுறைக்குத் தென்னாப்பிரிக்கா போகலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், கணவர், பதினொரு வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண், மாமியார். மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலியைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. கையில் இருப்பது பத்து நாள்.

ஒரு பயண நிறுவனம் இப்படித் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது: ஜொகன்னஸ்பர்கில் இறங்கி குரூகர் தேசியப் பூங்காவில் இரண்டு இரவு, அங்கிருந்து விக்டோரியா அருவியில் இரண்டு இரவு, நடுவில் ஒரு நாள் போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்கா, பிறகு கேப் டவுனில் மூன்று இரவு. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை விமானம் ஏறி இறங்கச் சின்னவளும் மாமியாரும் தாங்குவார்களா என்று யோசனை. பையனுக்குச் சிங்கம் பார்க்க வேண்டும். சின்னவளுக்கு ஒட்டகச்சிவிங்கி. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்டுப்பூவரசு

சகோதரி, அந்தத் திட்டத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குரூகரில் இரண்டு இரவு என்றால் முழுதாகக் கையில் கிடைப்பது ஒரே ஒரு நாள். ஜொகன்னஸ்பர்கிலிருந்து தெற்கு வாயில்களுக்குச் சாலை வழியாக நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். முதல் நாள் போய்ச் சேர்வதிலும் கடைசி நாள் பெட்டி கட்டுவதிலும் போய்விடும்.

சிங்கமும் சிறுத்தையும் நடமாடுவது விடிகாலையிலும் சாயங்காலத்திலும்தான். பதினொரு மணி வெயிலில் அவை புதருக்குள் படுத்துவிடும். மே மாதம் குரூகருக்குள் நாம் தங்கும் முகாம்களின் வாயிலைக் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30-க்கு மூடிவிடுகிறார்கள். ஆக ஒரு நாளில் நல்ல நேரம் என்பது காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். அதை ஒரே ஒரு நாளுக்கு வைத்துக்கொண்டு, மீதி நாளெல்லாம் விமான நிலையத்தில் வரிசையில் நிற்பதா?

நான் சொல்வது இதுதான்: ஒரே பூங்கா, அதிலும் முடிந்தால் ஒரே முகாம், நாலைந்து இரவு. முதல் நாள் குழந்தைகள் "எங்கே சிங்கம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மூன்றாம் நாள் அவர்களே கண்ணாடி வழியாகக் கழுகைக் காட்டுவார்கள். அந்த மூன்றாம் நாள் வருவதற்குள் ஊரை மாற்றிவிடக் கூடாது.

அப்புறம், மே நல்ல மாதம். கோடை மழை நின்று புல் காயத் தொடங்கியிருக்கும். சின்னக் குட்டைகள் வற்ற வற்ற விலங்குகள் ஆற்றுக்கும் அணைக்கும் வரும். நம் பள்ளி விடுமுறையும் அங்கே வறண்ட காலத்தின் தொடக்கமும் இப்படிப் பொருந்தி வருவது நமக்கு வசதி. ஜூன் கடைசியில் அவர்கள் ஊர்ப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் முகாம்களில் அறை கிடைப்பதே கஷ்டம்.

வரவுசெலவு

பூவரசு சொல்வதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். இடத்தைக் குறையுங்கள், சரி. ஆனால் சொந்தமாகக் கார் ஓட்டிக்கொண்டு போவதை நான் சொல்ல மாட்டேன். முதல் முறை போகிறவர்களுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியாது. குரூகருக்கு மேற்கே சாபி சாண்ட், டிம்பாவாட்டி போன்ற தனியார் காப்பகங்கள் இருக்கின்றன. குரூகரோடு வேலி கிடையாது, அதே விலங்குகள்தான். அங்கே லாட்ஜ் எனப்படும் காட்டு விடுதியில் தங்கினால் வழிகாட்டியும் தடம் பார்ப்பவரும் கூடவே வருவார்கள். சிறுத்தை சாலையை விட்டு இறங்கினால் வண்டியும் பின்னாலேயே இறங்கும். குரூகர் சாலையில் அது முடியாது. செலவு பல மடங்குதான். ஆனால் வாழ்க்கையில் ஒரு முறை போகிற பயணம்.

காட்டுப்பூவரசு

வரவுசெலவு அண்ணா, பெரியவர்கள் மட்டும் போனால் நீங்கள் சொல்வது சரி. இவர்களோடு ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறதே. பெரும்பாலான லாட்ஜ்கள் ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் திறந்த ஜீப்பில் ஏற்றுவதில்லை. குரூகரிலேயே பூங்கா நிர்வாகம் நடத்தும் சஃபாரி வண்டியிலும் ஆறு வயதுதான் வரம்பு. அப்படியென்றால் அம்மாவோ அப்பாவோ ஒருவர் எப்போதும் அறையில் குழந்தையோடு உட்கார வேண்டும். அவ்வளவு பணம் கட்டிவிட்டு மாறி மாறி அறையில் உட்காருவதா? சில லாட்ஜ்களில் குடும்பத்துக்கென்று தனி வண்டி எடுத்தால் சம்மதிக்கிறார்கள். அதற்கு இன்னொரு கட்டணம்.

சொந்த வண்டியில் இந்தச் சிக்கலே இல்லை. குழந்தைக்குத் தூக்கம் வந்தால் தூங்கட்டும். அழுதால் திரும்பிவிடலாம். நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். பூங்காவின் முக்கியச் சாலைகள் தார்ச்சாலை, சாதாரணக் கார் போதும். உயரமான கார் கிடைத்தால் புல்லுக்கு மேலே பார்வை போகும், அவ்வளவுதான் வித்தியாசம். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40 என்று வேக வரம்பு. ஆனால் 25-க்கு மேலே ஓட்டினால் எதுவும் கண்ணில் படாது.

முதுமலையில் வனத்துறை வண்டியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிப் பழகிய நமக்கு, ஒரு யானைக் கூட்டத்துக்கு எதிரே நம் காரை ஓரமாக நிறுத்தி ஒரு மணி நேரம் சும்மா உட்காரலாம் என்பதே பெரிய விஷயம்.

வவுனியான்

வணக்கம். நாங்கள் லண்டனில் இருக்கிறோம், எங்களுக்கு ஓகஸ்டில்தான் பள்ளி விடுமுறை. அதனால் நமீபியாவின் எடோஷாவுக்குப் போனோம். அங்கே ஒகாகூயோ முகாமுக்குள்ளேயே ஒரு நீர்நிலை, இரவு முழுக்க விளக்கு வெளிச்சம் போட்டு வைத்திருப்பார்கள். சின்ன மதிலுக்கு இந்தப் பக்கம் வாங்கில் இருந்து பார்க்கலாம். இரவுச் சாப்பாடு முடிய பிள்ளைகள் போர்வையோடு வந்து இருந்துவிடுவார்கள். கறுப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிக்க வந்தது. முதலில் வந்து நின்ற யானைகள் அதை நெருங்கவிடவில்லை. அது போகவும் இல்லை, சண்டைக்குப் போகவும் இல்லை. தள்ளி நின்று காத்துக்கொண்டே இருந்தது. என் மகன் அன்றைக்குத் தூங்கப் போக மாட்டேன் என்று விட்டான்.

வாகனத்தில் சுற்ற முடியாத வயதானவர்களுக்கு இப்படி முகாமுக்குள்ளேயே பார்க்கிற வசதிதான் முக்கியம். தங்கச்சி, உங்கள் மாமியாருக்காக இதை மனதில் வையுங்கள். ஆனால் பத்து நாளில் இந்தியாவிலிருந்து நமீபியா சரிவராது. விண்ட்ஹூக்கிலிருந்து எடோஷாவுக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும்.

சிறார்மருத்துவர்

பூவரசு அவர்கள் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். குரூகர் மலேரியா பகுதி. அபாயம் அதிகமுள்ள காலம் செப்டம்பர் முதல் மே வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் குறைவு. மே நல்ல மாதம் என்பது விலங்கு பார்ப்பதற்குச் சரி, கொசுவுக்கு அது இன்னும் பருவம் முடியாத மாதம். போகவே கூடாது என்று சொல்லவில்லை. அபாயம் பெரிதல்ல, எத்தனையோ குடும்பங்கள் போய் வருகின்றன. ஆனால் அங்குள்ளது ஃபால்சிபாரம் வகை, சின்னக் குழந்தைகளுக்கு வேகமாக முற்றக்கூடியது.

தடுப்பு மாத்திரைகளில் டாக்சிசைக்ளின் எட்டு வயதுக்குக் கீழே பொதுவாகக் கொடுப்பதில்லை. அட்டோவாகோன்-புரோகுவானில் குழந்தையின் எடையைப் பார்த்துக் கொடுக்கலாம். போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் ஏழு நாள் விடாமல் கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையைத் தினமும் மாத்திரை விழுங்கவைப்பது எப்படி என்று வீட்டில் யோசித்துக்கொள்ளுங்கள். மாலையில் முழுக்கைச் சட்டை, கால்சட்டை, கொசு விரட்டிக் களிம்பு எல்லாம் அதோடு சேர்த்துத்தான், அதற்குப் பதிலாக அல்ல.

திரும்பி வந்து ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், மருத்துவரிடம் முதல் வாக்கியமாக "ஆப்பிரிக்கா போய் வந்தோம்" என்று சொல்லுங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றதும் டெங்கு பரிசோதனையில் ஆரம்பித்து நாள் போய்விடும். மலேரியாவில் அந்த இரண்டு நாள் பெரிய இழப்பு.

மலேரியா இல்லாத பூங்காக்கள் தென்னாப்பிரிக்காவிலேயே இருக்கின்றன. ஐந்து வயதுக் குழந்தை என்றால் என் ஓட்டு அவற்றுக்குத்தான்.

காட்டுப்பூவரசு

மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மே மாதம், ஐந்து வயது என்று சேர்த்துப் பார்த்தால் குரூகரை நானும் வற்புறுத்த மாட்டேன். மலேரியா இல்லாதவற்றில் இவர்களுக்குத் தோதானவை மூன்று.

பிலானஸ்பர்க். ஜொகன்னஸ்பர்கிலிருந்து சாலையில் இரண்டரை மணி நேரம். 120 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட எரிமலையின் அடித்தளம் தேய்ந்து, வளையம் வளையமாகக் குன்றுகள் நிற்கின்றன. அதற்குள்ளேதான் பூங்கா. 1979-இல் பண்ணை நிலங்களை மீட்டு, வேறு இடங்களிலிருந்து ஆயிரக்கணக்கான விலங்குகளைக் கொண்டுவந்து விட்டு உருவாக்கினார்கள். பரப்பில் குரூகரின் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. குழந்தையோடு போகிறவர்களுக்கு அது நல்லதுதான், எங்கிருந்தாலும் முக்கால் மணி நேரத்தில் ஒரு கழிப்பறைக்குப் போய்விடலாம். நடுவில் மங்க்வே அணை. அதன் கரையில் தண்ணீரை ஒட்டி மரத்தால் ஒரு குடில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே பெஞ்சு இருக்கிறது. நீர்யானை மூச்சு விடும் சத்தம் பக்கத்திலிருந்து கேட்கும். மாமியாருக்கு இது பிடிக்கும்.

மடிக்வே. போட்ஸ்வானா எல்லையில். 1991-இல் தொடங்கியது. காட்டுநாய்களுக்குப் பெயர் பெற்ற இடம். இங்கே சொந்த வண்டியில் சுற்ற முடியாது, லாட்ஜில் தங்கினால்தான் சஃபாரி. வரவுசெலவு அண்ணா சொன்ன மாதிரி வழிகாட்டியோடு பார்க்க வேண்டுமென்றால், குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும் லாட்ஜ் இங்கே தேடலாம்.

ஆடோ. கிழக்குக் கேப் மாகாணத்தில், கெபேகா நகரத்துக்குப் பக்கத்தில். அந்தப் பகுதியில் யானைகளைச் சுட்டுத் தள்ளியது போக 1931-இல் பூங்கா தொடங்கும்போது மிஞ்சியவை பதினொன்று. இன்றைக்கு அறுநூறுக்கு மேலே. ஒரு காலத்தில் வேலி தாண்டாமல் இருக்க அவற்றுக்கு ஆரஞ்சுப் பழம் கொட்டிப் பழக்கியிருந்தார்கள். அந்த வாசனைக்கு வண்டியை நெருங்கிவிடும் என்பதால் ஆரஞ்சு, எலுமிச்சை வகை எதையும் பூங்காவுக்குள் கொண்டுபோகக் கூடாது. சாலையில் சாணவண்டு போனால் வண்டியை நிறுத்தி வழிவிட வேண்டும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். யானைச் சாணத்தின் மேல் சக்கரத்தை ஏற்றாமல் ஒதுங்கி ஓட்டுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். பறக்க முடியாத வண்டு அது.

கோவைமகள்

மருத்துவருக்கு மிக்க நன்றி. மாத்திரை விஷயம் கேட்டதும் கணவரே "குரூகர் வேண்டாம், இவள் பெரியவளான பிறகு போகலாம்" என்றுவிட்டார். ஆடோ பற்றிப் படித்ததும் மாமியாருக்கு அங்கேதான் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, யானை என்றால் அவருக்கு அப்படி. கேப் டவுனோடு சேர்த்துக்கொள்ளவும் வசதியாக இருக்கும் போல. ஆடோவையே முடிவு செய்துவிடலாமா?

காட்டுப்பூவரசு

ஆடோவில் ஒட்டகச்சிவிங்கி கிடையாது. அந்த வறண்ட புதர்க்காட்டில் அது இயல்பாக வாழ்ந்ததில்லை என்பதால் கொண்டுவந்து விடவும் இல்லை. சின்னவளிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கோவைமகள்

கேட்கவே வேண்டாம். ஆடோ இல்லை.

டர்பன்வாசி

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். வேலைக்காக டர்பனில் குடியிருக்கிறேன். எங்களுக்குப் பக்கம் ஷ்லுஷ்லுவே-இம்ஃபோலோசி, காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். 1895-இல் அறிவிக்கப்பட்டது, ஆப்பிரிக்காவிலேயே பழைய காப்பகங்களில் ஒன்று. வெள்ளைக் காண்டாமிருகம் என்ற இனமே தெற்கே நூறுக்கும் கீழே சுருங்கிப்போய், மிச்சம் இருந்தது இந்த ஒரு காட்டில்தான். 1960-களில் இங்கே வனக்காவலராக இருந்த இயான் பிளேயரும் உடன் வேலை செய்தவர்களும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மற்றப் பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். இன்றைக்குக் குரூகரில் பார்க்கும் வெள்ளைக் காண்டாமிருகம் எல்லாம் அந்த வழி வந்தவை. உங்கள் பையனுக்கு இதைச் சொல்லிவிட்டு ஒரு காண்டாமிருகத்தைக் காட்டுங்கள்.

பல பூங்காக்களில் கொம்பை அறுத்துவிட்டிருப்பார்கள், வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற. குழந்தைகள் பார்த்ததும் கேட்பார்கள், முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். நம் நகம் மாதிரி அதுவும் மறுபடி வளரும், வலிக்காது. காண்டாமிருகப் படத்தை இடக்குறிப்போடு இணையத்தில் போட வேண்டாம். எங்கே நிற்கிறது என்பதை யார் படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். 1860-இல் சென்னையிலிருந்து கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்தில் இறங்கியவர்களின் வம்சம் இங்கே நிறைய. டர்பன் கடைகளில் பருப்பு, மசாலா, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். ஜொகன்னஸ்பர்கிலும் ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் போனால் வாங்கிக்கொள்ளலாம். சமையலறை உள்ள குடிலாக எடுத்துக்கொண்டால் மாமியாருக்கு ரசம் சாதம் நிச்சயம். ஆனால் குரங்கும், பபூன் என்ற பெரிய குரங்கு வகையும் இருக்கும் முகாம்களில் வராந்தாவில் உள்ள குளிர்பெட்டியைக் கொக்கி போட்டுத்தான் பூட்ட வேண்டும். சாதாரணக் கதவை அவை நம்மைப் போலவே திறக்கும். ரொட்டிப் பொட்டலம்தான் முதலில் போகும்.

வரவுசெலவு

சன் சிட்டி பிலானஸ்பர்குக்கு ஒட்டியே இருக்கிறது. குழந்தைகளுக்கு நீச்சல்குளம், அலைக்குளம் எல்லாம் உண்டு. மதியம் அங்கே போய்விடலாம். அப்படியே ஜொகன்னஸ்பர்க் பக்கம் சிங்கக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சும் இடங்கள் உண்டு, பையனுக்குப் பிடிக்கும்.

காட்டுப்பூவரசு

தயவுசெய்து அங்கே மட்டும் போகாதீர்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்தக் குட்டிகளைப் பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். பிரித்தால்தான் தாய் சீக்கிரம் மறுபடி குட்டி போடும். "அநாதைக் குட்டி" என்று சொல்லிப் புட்டியில் பால் கொடுக்கவைத்துக் காசு வாங்குவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் சிங்கத்தோடு நடைப்பயணம். அதற்கும் மேலே வளர்ந்துவிட்டால் மனிதரோடு வைத்திருக்க முடியாது, காட்டிலும் விட முடியாது, வேட்டையாடவே தெரியாது. கடைசியில் வேலி போட்ட இடத்தில் காசு கட்டியவர் சுடுவதற்குப் போகும், எலும்பு ஆசியச் சந்தைக்குப் போகும். தென்னாப்பிரிக்கக் காடுகளில் சுதந்திரமாகத் திரியும் சிங்கங்களைவிடக் கூண்டில் வளர்பவை பல மடங்கு. இந்தத் தொழிலைப் படிப்படியாக மூட வேண்டும் என்று 2024-இல் அந்த நாட்டு அரசே கொள்கை முடிவு எடுத்தது.

ஒரு இடம் நல்லதா என்று பார்க்க எளிய வழி: குட்டியைத் தொட விடுகிறார்களா? விட்டால் உள்ளே போக வேண்டாம். யானை மேல் ஏற்றிச் சவாரி என்றாலும் அப்படியே.

வரவுசெலவு

பின்னணி தெரியாமல் எழுதிவிட்டேன். கோவைமகள், அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

கோவைமகள்

சரி, பிலானஸ்பர்கில் ஐந்து இரவு, கேப் டவுனில் மூன்று இரவு. விக்டோரியா அருவி இல்லை. கேப் டவுனில் பென்குயின் பார்க்க வேண்டும் என்று கணவர் பிடிவாதமாக இருக்கிறார். கார் ஓட்டப்போவதும் அவர்தான். யானை எதிரே வந்தால் என்ன செய்வது என்று தினமும் கேட்கிறார். மாமியார் வண்டியில் எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்பதும் எனக்குக் கவலை.

காட்டுப்பூவரசு

யானை சாலையில் வந்தால் தூரமாகவே நின்றுவிடுங்கள். அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்வரை பக்கத்தில் போக வேண்டாம். குட்டிக்கும் தாய்க்கும் நடுவே வண்டியைக் கொண்டுபோகக் கூடாது. ஆண் யானையின் கன்னத்தில் நீர் வழிந்து ஈரமாக இருந்தால் மதம். அது தன் வழியில் வரும், நீங்கள்தான் வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். அதனால் பின்னால் வழி அடைபடாத மாதிரி எப்போதும் நிறுத்துங்கள், இன்ஜினை ஓடவிட்டே வையுங்கள். ஹாரன் வேண்டாம். குறிப்பிட்ட இடங்களைத் தவிர எங்கும் கதவைத் திறக்கக் கூடாது. குழந்தைப் பூட்டைப் போட்டுவிடுங்கள்.

மாமியாருக்கு முன் இருக்கை. காலை வாயில் திறந்ததிலிருந்து ஒன்பதரை வரை ஒரு சுற்று, பிறகு குடிலுக்குத் திரும்பிச் சாப்பாடு, தூக்கம், மூன்றரை மணிக்கு மேல் மறுபடி. நடுப்பகலில் யாரும் வண்டியில் இருக்க வேண்டாம். மே காலை குளிர் பத்து டிகிரிக்குக் கீழேகூட இறங்கும், ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம். பைனாகுலர் ஆளுக்கு ஒன்று இல்லாவிட்டாலும் பையனுக்குத் தனியாக ஒன்று. வீட்டில் ஒன்றுதான் என்றால் சிங்கம் தெரிகிற நேரத்தில் சண்டை வரும்.

இம்பாலா மான் கூட்டத்தை "இதுதானா" என்று தாண்டிப் போகாதீர்கள். அவை எல்லாம் தலை தூக்கி ஒரே திசையில் பார்த்துத் தும்முவது போல் சத்தம் போட்டால், அந்தத் திசையில் ஏதோ இருக்கிறது. காத்திருங்கள். வரவுசெலவு அண்ணா சொன்ன வழிகாட்டிகள் பாதி இதைத்தான் பார்க்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கியும் அப்படித்தான். மூன்று நான்கு சேர்ந்து அசையாமல் ஒரு புதரையே பார்த்துக்கொண்டு நின்றால் பையனின் சிங்கம் அங்கே இருக்கலாம்.

டர்பன்வாசி

ஆவணங்களை யாரும் சொல்லவில்லையே. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம். குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். விண்ணப்பத்தோடும் வையுங்கள், பயணத்திலும் கையில் வைத்திருங்கள். விமானம் அடிஸ் அபாபா, நைரோபி வழியாக என்றால் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும்படி டிக்கெட் எடுக்காதீர்கள், தென்னாப்பிரிக்காவில் இறங்கும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். வளைகுடா வழி வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

கோவைமகள்

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சின்னவளின் சான்றிதழில் பெயர் இருக்கும் இடம் காலியாக இருக்கிறது. பிறந்தபோது பெயர் வைக்காமல் பதிந்தது, அப்படியே விட்டுவிட்டோம். என் பெயரும் அதில் முதலெழுத்தோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருக்கிறது.

டர்பன்வாசி

அதை முதலில் முடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலேயே பெயர் சேர்க்க விண்ணப்பிக்கலாம். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே கொடுங்கள், பிறகு மாற்ற விடமாட்டார்கள். உங்கள் முதலெழுத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து விண்ணப்பத்தோடு சேருங்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு இருக்கட்டும்.

கோவைமகள்

சரி அண்ணா. திங்கட்கிழமை காலையிலேயே போகிறேன்.